தண்ணீர் பாட்டிலில் இருந்தது: போதையிலிருந்து மீள விரும்பும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

கேன் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாம் சொல்லும் கரும்புச் சாராயத்துக்கு நிறம் கிடையாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தண்ணீர்தான். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு அடுக்களையில் அப்படி ஒரு பாட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தது. அதன் பக்கத்தில் கடலை மாவு டப்பாவில், மாவுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய கோடீன் என்னும், போதையாகிவிடும் வலி மருந்தின் மாத்திரை அட்டைகள் இருந்தன. இரண்டையும் விட்டுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஏழு ஆண்டுகளாக, மீள விரும்பும் பெண்களோடு வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பேசி வருகிறேன். அதில் நான் கண்டது இதுதான்: வெட்கத்தை மனத்திலிருந்து பிடுங்கி எறிய யாராலும் முடிவதில்லை, ஆனால் ஒளித்து வைப்பதற்காக நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே வந்தால் அது பிடி தளர்ந்து போகிறது. எதை முதலில் கலைப்பது, யாரிடம் சொல்வது, எந்தச் சொற்களில் சொல்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

குடிக்கிற ஆணைக் குடிகாரன் என்று சொல்லும் அதே வாய், "பாவம், வேலைக் களைப்பு" என்றும் சேர்த்துச் சொல்லும். பெண்ணுக்கு அந்தச் சொல் தனியாக வருவதில்லை. அவளுடைய நடத்தை, அவளை வளர்த்த தாய், அவள் பெற்ற பிள்ளைகள் என எல்லாரையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் நம் பெண்கள் பெரும்பாலும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பம் தூங்கிய பிறகு குடிக்கிறார்கள். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் சாராயம் கூடுதலாக ஏறுகிறது. அடிமையாகும் காலமும் ஈரல் கெடும் காலமும் பெண்ணுக்கு விரைவாக வந்துவிடுகின்றன. ஆணைவிடக் குறைந்த காலமே நமக்கு இருக்கிறது, அந்தக் காலத்தையும் ஒளிப்பதிலேயே செலவழிக்கிறோம்.

முதலில் உடம்பு

இதைப் படித்துவிட்டு இன்றிரவே எல்லாவற்றையும் கழுவும் தொட்டியில் கொட்டிவிடலாம் என்று தோன்றும். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் தயவுசெய்து அதைத் தனியாகச் செய்யாதீர்கள். கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியும். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. தூக்க மாத்திரையையும் பதற்றத்துக்கான மாத்திரையையும் நெடுநாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். குடியை மருத்துவரின் கண்காணிப்பில், சில நாள் மருந்தும் தையமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்து நிறுத்தும்போது இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது.

கோடீனும், சாட்ஸ்வர்த் தெருக்களில் சுகர்ஸ் என்று விற்கும் ஹெராயின் கலவையும் வேறு மாதிரி. நிறுத்தும் நாட்களில் வாந்தி, பேதி, எலும்பைத் துளைக்கும் வலி எல்லாம் வரும். ஆனால் பெரிய ஆபத்து அதற்குப் பிறகே காத்திருக்கிறது. சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய அளவையே மறுபடி எடுக்கும் பெண் மூச்சு நின்று இறந்து போகலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வகைப் போதையைத் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அது வயிற்றிலிருக்கும் குழந்தையையும் பாதிக்கும். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் குழந்தைக்குப் பாதுகாப்பான மாற்று மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்.

எனவே உங்கள் முதல் உண்மை மருத்துவருக்கு உரியது, அதையும் எண்ணிக்கையாகச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் குடிப்பேன்" என்று சொன்னால் அவர் கொஞ்சத்துக்கு உரிய மருந்தைத்தான் கொடுப்பார். நம் நாட்டில் ஒரு டொட் என்பது 25 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 30 டொட் இருக்கிறது. கேனில் நூற்றுக்கு 43 பங்கு சாராயம். ஒரு பாட்டில் உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது என்று பார்த்துக் கணக்கிடுங்கள். மாத்திரை போடுபவர்கள் காலியான அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கோடீன் கலந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் எட்டு மாத்திரைக்கு மேல், அதாவது 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நான் இருபது போட்டுக்கொண்டிருந்தேன். என் ஈரலைக் கெடுத்துக்கொண்டிருந்தது சாராயம் மட்டும்தான் என்று மருத்துவர் எண்ணியிருந்தார், ஏனென்றால் மாத்திரையைப் பற்றி முதல் இரண்டு முறை நான் வாயே திறக்கவில்லை. மருந்துக்கடையில் கோடீன் வாங்கினால் பெயரைப் பதிவு செய்வார்கள் என்பதால் சாட்ஸ்வர்த்தில் ஒரு கடை, இசிப்பிங்கோவில் ஒரு கடை, மியர்பேங்கில் ஒரு கடை என்று சுற்றினேன். ஓரிடத்தில் என் பெயரின் எழுத்தையே மாற்றிக் கொடுத்தேன். அந்தக் கடைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் கொடுத்த அன்றுதான் எனக்கு உண்மையில் மருத்துவம் தொடங்கியது.

ஒரு மருத்துவர் உங்களைத் திட்டினால் இன்னொருவரிடம் போங்கள். என்னையும் ஒருவர் திட்டினார், அதனால் எட்டு மாதம் வீணாயிற்று. அவர் திட்டியதற்காக நான் என்னைத் தண்டித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஏழு நாள் கணக்கு

மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நாட்களில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு நாளும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன எடுத்தேன், எவ்வளவு, எங்கே ஒளித்து வைத்தேன், யாரிடம் என்ன பொய் சொன்னேன். முதல் இரண்டையும் மருத்துவருக்காக எழுதுகிறீர்கள். பின்னிரண்டும் உங்களுக்காக. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குடித்த நேரத்தைவிட மறைத்த நேரம் அதிகமாக இருப்பதைக் காண்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும்: உங்களைத் திட்டி ஒரு சொல்லும் எழுதக் கூடாது. "செவ்வாய் மாலை 4 மணி, 5 டொட், பிள்ளையை அழைக்கப் போக முடியவில்லை, தலைவலி என்று சொன்னேன்" என்பது உண்மை. "நான் கேடுகெட்டவள், தாய் என்று சொல்லத் தகுதியில்லாதவள்" என்பதில் ஒரு செய்தியும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தன்னைத் தானே திட்டுவது நேர்மை போலத் தோன்றும், ஆனால் அதுவும் ஒரு மூடிதான். இரவெல்லாம் திட்டி அழுது முடித்தவுடன் கடனைக் கட்டிவிட்டது போல ஓர் ஆறுதல் வருகிறது, மறுநாள் பாட்டிலை எடுக்க அந்த ஆறுதலே இடம் கொடுக்கிறது. செய்ததைத் தவறு என்று உணரும் பெண் அதைச் சரிசெய்ய எழுந்திருப்பாள். தானே தவறு என்று நம்பும் பெண்ணுக்குச் சரிசெய்ய என்ன இருக்கிறது? அவள் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பாள். குற்ற உணர்வு, அவமானம் என்று நாம் இரண்டு சொற்கள் வைத்திருப்பது வீணாக இல்லை. நோட்டுப் புத்தகத்தில் முன்னதற்கு மட்டும் இடம் கொடுங்கள்.

யாரிடம் சொல்வது

மருத்துவருக்கு அடுத்து ஒரே ஒருவரிடம் சொன்னால் போதும். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, கோவிலில் எல்லார் முன்னும் நின்று அழவும் வேண்டியதில்லை. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல், அவர் வாயிலிருந்து அடுத்தவர் இரகசியம் எதையும் நீங்கள் கேட்டிருக்கக் கூடாது என்பதுதான். கணவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கணவராக இருந்தால் சொல்லலாம். கை நீட்டுகிறவராக இருந்தால், நீங்கள் சொன்னதை அடுத்த சண்டையில் ஆயுதமாக எடுக்கிறவராக இருந்தால், வேறொருவரிடம் தொடங்குங்கள். அடி விழும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமை, குடிக்கும் பெண்ணுக்கும் உண்டு.

நான் என் அண்ணியிடம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டுப் பின்கட்டில் செய்தித்தாளை விரித்து இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லாமல் கைக்கு ஒரு வேலை இருந்தது எனக்கு உதவியாக இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நேரத்தையே சொல்வேன். "அண்ணி, நான் தினமும் குடிக்கிறேன். ஆறு வருஷமா. மாத்திரையும் போடுறேன். நிறுத்த முடியலை" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. மூன்று நான்கு தண்டுகளை ஆய்ந்து போட்ட பிறகு, "அந்தத் தண்ணி பாட்டில்தானே?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக நான் காத்து வந்த இரகசியம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "மாத்திரை எனக்குத் தெரியாதும்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "திங்கக்கிழமை லீவு சொல்லிடுறேன், டாக்டர்கிட்ட சேர்ந்து போவோம்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். கீரை ஆய்ந்து முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று.

சொல்ல வேண்டிய வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். என்ன எடுக்கிறேன், எவ்வளவு நாளாக, என்ன உதவி வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். காரணங்களை அன்றைக்குச் சொல்லாதீர்கள். மாமியார், பணக் கஷ்டம், இறந்துபோன குழந்தை என உங்கள் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம், அவற்றைப் பேசப் பிறகு ஆலோசகரிடம் நாட்கள் கிடைக்கும். முதல் நாளில் காரணம் நுழைந்தால் கேட்பவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார், பாட்டில் மறுபடி மறைந்துவிடும்.

சொன்ன அன்றே ஒளித்து வைத்த இடங்களையும் அவரிடம் காட்டுங்கள். அண்ணி கடலை மாவைத் தாம்பாளத்தில் கொட்டி, அட்டைகளை எடுத்து, மாவைச் சலித்து மறுபடி டப்பாவில் போட்டார். அந்த டப்பாவைத் தூக்கி எறியச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். அதில் இன்றும் கடலை மாவுதான் இருக்கிறது.

புரட்டாசியும் தீட்டும்

இதைத் தனியாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நம் வீடுகளில் புரட்டாசி மாதம் முழுவதும் மாமிசமும் மதுவும் தொடாமல் விரதம் இருப்பது 1860இல் தொடங்கிக் கப்பல் கப்பலாக வந்த முன்னோர்கள் கொண்டுவந்த வழக்கம். அதை நான் மதிக்கிறேன், இன்றும் கடைப்பிடிக்கிறேன். ஆனால் "புரட்டாசியில் என்னால் விட முடிகிறது, ஆகவே நான் அடிமை இல்லை" என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த மாதத்தில் மாத்திரையை இரட்டிப்பாக்கியது கணக்கில் வரவில்லை. விரதம் முடியும் நாளை விரலில் எண்ணிக்கொண்டிருந்தால், முடிந்த மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பினால், அந்த விரதம் உங்கள் நோயைத்தான் காட்டுகிறது. நிறையக் குடிப்பவர் புரட்டாசி முதல் நாளில் அடியோடு நிறுத்தினால் மேலே சொன்ன வலிப்பு ஆபத்து அப்படியே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் என்னைக் கரகம் எடுக்கச் சொன்னார்கள். காலையிலேயே குடித்திருந்தேன். தீட்டு என்று பொய் சொல்லி வெளியே நின்றேன். பெண்கள் மட்டுமே சொல்லக்கூடிய பொய் அது, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அதை எத்தனை முறை சொன்னேன் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியபோது, குடித்ததற்கு வராத அழுகை அதற்கு வந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு பொய் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, நீங்கள் நம்பும் அந்த ஒருவரிடம் சொல்லுங்கள். மிகவும் கனமானது அதுதான் என்பதால் அது இறங்கினால் மற்றவை எளிதாக இறங்கும். அம்மனிடம் நேர்ந்துகொள்வதானாலும் தேவாலயத்தில் ஜெபம் செய்வதானாலும் மனதாரச் செய்யுங்கள். மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போட மட்டும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

எங்கே போவது

தென்னாப்பிரிக்காவில் சான்கா என்று அழைக்கப்படும் மது, போதை ஒழிப்பு மன்றம் 1956 முதல் இயங்குகிறது. டர்பனிலும் அதன் சேவை உண்டு. போதை தொடர்பான இலவசத் தொலைபேசி உதவிக்கு 0800 12 13 14 என்ற எண்ணை அழைக்கலாம். வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் 10177 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள், கைப்பேசியிலிருந்து 112. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில் இரண்டு வகை உண்டு: திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். முதல் முறை அண்ணியோ தோழியோ துணைக்கு வருவதானால் திறந்த கூட்டத்துக்குப் போங்கள். தெரிந்த முகம் இருக்குமோ என்று பயந்தால் சாட்ஸ்வர்த்தில் இருப்பவர் ஃபீனிக்ஸுக்கும், ஃபீனிக்ஸில் இருப்பவர் வெருலத்துக்கும் போகலாம், அதில் தவறில்லை. கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆங்கிலத்தில் மனத்தைத் திறக்க வராத மூத்த பெண்கள், சொல்ல விரும்புவதை வீட்டில் தமிழில் பேசிப் பார்த்துவிட்டு, பேத்தி ஒருத்தியை விட்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாசிப்பதை நான் கண்டிருக்கிறேன். நன்றாகவே இருந்தது.

வேலைக்குப் போகிறவர்கள், பிடிபடும் முன்பே தாமாகச் சொல்லி உதவி கேட்பது நல்லது; மது, போதைப் பழக்கத்தில் ஆலோசனையும் மறுவாழ்வும் முதலாளி கருத்தில் கொள்ளத்தக்க வழிகளாக இருக்கலாம் என்பது இந்நாட்டுத் தொழிற்சட்ட நெறிமுறையில் இடம்பெற்ற கருத்து.

பிள்ளைகள்

சொன்னால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் தாய்மார்களை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. அந்தப் பயத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு புழுங்காமல், சமூகப் பணியாளரை முதலில் சந்திக்கும்போதே நேராகக் கேளுங்கள்: நான் சொல்வதில் எதை எழுதுவீர்கள், எதை யாரிடம் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது? பதிலைக் கேட்ட பிறகு பேசுங்கள். போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டம், தாமாகச் சிகிச்சைக்கு வருபவரையும் நீதிமன்றத்தின் வழியாகக் கட்டாயமாக அனுப்பப்படுபவரையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. தாமாக வருபவராக இருப்பது எல்லா வகையிலும் நல்லது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார், பள்ளிக்கு யார் அழைத்துப் போவார் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளுக்கு ஏதோ நடக்கிறது என்பது எப்படியும் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு ஒரு நோய் இருக்கிறது, அது உன்னால் வந்ததில்லை, அதற்கு மருத்துவம் பார்க்கிறேன் என்ற மூன்றையும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். இனிமேல் ஒருநாளும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "இன்றைக்குக் குடிக்கவில்லை" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய சொல்.

சறுக்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் குடித்தது ஒரு நாளைய செய்தியாகவே இருக்கட்டும். இரண்டு நாள் மறைத்தால் ஒளிக்கும் இடம் ஒன்று தேவைப்படும், இடம் கிடைத்துவிட்டால் பாட்டில் தானாக வந்து சேரும். எனக்கு நான்காம் மாதத்தில் அப்படி ஆயிற்று. அண்ணியை அழைத்து, "நேத்து இரவு குடிச்சேன், நாலு டொட், பாட்டில் துணி துவைக்கிற இடத்தில இருக்கு" என்றேன். அவர் வந்து எடுத்துப் போனார்.

வாங்கிய பணத்தையும் விற்ற நகையையும் பற்றி ஒரு பட்டியல் போட்டு, சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குங்கள். வாயால் கேட்கும் மன்னிப்பை நம் வீட்டார் பலமுறை கேட்டுச் சலித்திருப்பார்கள், மாதம் நூறு ராண்ட் என்றாலும் கையில் வரும்போது அவர்கள் முகம் வேறாக இருக்கும்.

என் மகள் சிறுமியாக இருந்தபோது, நான் கொடுக்கும் எந்தத் தண்ணீர் பாட்டிலையும் குடிக்கும் முன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள் பள்ளிக்குத் தவறான பாட்டிலை எடுத்துச் சென்றதால் வந்த பழக்கம் அது. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், இன்னமும் முகர்ந்து பார்க்கிறாள், தன்னை அறியாமலே. உங்கள் பிள்ளையும் அப்படிச் செய்தால் "இன்னும் என்னை நம்பவில்லையா" என்று கேட்காதீர்கள். மூடியைத் திறந்து, பாட்டிலை நீங்களே நீட்டிக்கொண்டு, அவள் முகர்ந்து முடிக்கும் வரை நில்லுங்கள்.